பத்தொன்பதாம் எண் முனைக்கு ஓர் ஆள் தேவை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக எழுதப்பட வேண்டிய விஷயமே இல்லை. பெய்ஜுன் என்னிடம் கேட்டது ஒரு பக்கத் துண்டறிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சந்துகளில் நடக்கப்போகும் ஓட்டம் எங்கே தொடங்குகிறது, எத்தனை மணிக்கு, எந்த முனையில் யார் நிற்பது, அவ்வளவுதான். நேற்று மதியத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். இன்று சனிக்கிழமை, மணி மூன்று. என் மேஜையில் பதினோரு தாள் இருக்கிறது. ஒன்றில்கூடத் துண்டறிக்கை இல்லை.

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்றாள் சற்று முன், மாடிப்படியில் நின்றபடி. "உப்பு வாங்கிட்டு வாங்கன்னா, உப்பு எப்படி விளையுதுன்னு பாடம் எடுக்கிற ஆளு நீங்க. கீழ இறங்கி வாங்க எழுத்தாளரே, பேசணும்."

முழங்கால் வலிக்கிறது, நீ மேலே வா என்றேன். வந்தாள். அவள் கீழே சோயாப் பாலும் முட்டைச் சுருளும் விற்கும் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். நான் மாடியில் பதினாலு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். நான் கதை எழுதுகிறவன் என்று சந்து முழுக்கத் தெரியும். ஒருவரும் ஒன்றையும் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

தைனான் நகரத்தின் பழைய சந்துகளில் விடியல் என்பது சோயாப் பாலின் ஆவியோடு மெல்ல எழுந்து, ஓட்டுக் கூரைகளைத் தழுவி—

[வேண்டாம். எங்கள் சந்தில் எந்த ஆவியும் எதையும் தழுவுவதில்லை. ஸ்கூட்டர் புகைதான்.]

இரண்டாவது முயற்சி:

ஐம்பத்து மூன்றாம் வயதில் பெய்ஜுனைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

[இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.]

நகரத்தின் பெரிய மாரத்தான் அது. அவள் ஓடியது பாதித் தூரப் பிரிவு. பதினாறாவது கிலோமீட்டரில், நேரத்துக்குள் வர முடியாதவர்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வரும் பேருந்து அவளருகே வந்து நின்றது. கையில் கொடியோடு ஒரு பெண் இறங்கினாள்.

"அக்கா, ஏறிக்கங்க. ரோட்டைத் திறக்கணும்."

"என்னால ஓட முடியுதே."

"உங்களுக்கு முடியுதுக்கா. ரோட்டுக்கு முடியல."

உள்ளே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.* முடிவுக் கோட்டைப் பேருந்து தாண்டியபோது அங்கே வளைவை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பெய்ஜுனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மாவு கரைத்துக்கொண்டே தீர்மானித்தாள். கடைசி ஆள் வந்து சேரும்வரை கோட்டை அழிக்காத ஓட்டம் ஒன்று நடத்த வேண்டும். ஊரில் இடம் கொடுக்காவிட்டால் சந்தில் நடத்துவது.

இதை அவள் முட்டைச் சுருளைத் திருப்பிப் போட்டபடி என்னிடம் இருபது முறையாவது சொல்லியிருப்பாள். அவள் மனதுக்குள் நான் எப்படிப் புகுந்தேன் என்று கேட்டால், வழி அவள் கடைக்குள்தான் இருக்கிறது.

* அந்தப் பழத்தை இருபத்தாறாம் எண் வீட்டு நாய்க்குப் போட்டதாகச் சொல்கிறாள். அந்த நாய் வாழைப்பழம் தின்னாது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

3

எதிரி இல்லாமல் கதை நகராது என்பார்கள். எனக்கு எதிரியைத் தேடும் வேலை இருக்கவில்லை. பத்தொன்பதாம் எண் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜுவாங் பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. சர்க்கரை ஆலையில் எடை போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர் நிறுத்த இடம் பிடிப்பதற்காக வாசலில் நாலு பூந்தொட்டி வைத்திருந்தார். ஸ்கூட்டரை விற்று ஆறு வருடமாகிறது. தொட்டிகள் மட்டும் அப்படியே இருந்தன.

எங்கள் சந்து குறுகலானது. அதை ஒன்றரை மணி நேரம் அடைக்க வேண்டுமென்றால், அதிலுள்ள நாற்பத்து மூன்று வீடுகளும் சம்மதித்து, கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்திய தாள் வேண்டும் என்றது காவல் நிலையம். முதல் வருடம் நாற்பத்திரண்டு முத்திரை விழுந்தது. இரண்டாம் வருடமும் நாற்பத்திரண்டுதான்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நாலு தொட்டிக்காக ஒரு மனிதர் இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டு நிற்பாரா? படிக்கிறவர்கள் காரணம் கேட்பார்கள். அதனால் ஒரு வரைவில், இந்தச் சந்தில் ஓடிவந்த யாரோ மோதி அவர் மனைவி விழுந்து— அடித்துவிட்டேன். அவர் மனைவி தங்கை வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஜெயித்த கையோடு நிம்மதியாகப் போனவர். பெரியவருக்குக் காரணம் எதுவும் கிடையாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். காரணமே இல்லாமல் பிடிவாதம் பிடிப்பவர்கள் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு.]

இந்த மார்ச்சில் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். முப்பது பேர் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

"ஏ சோயாப் பால்," என்றார் பெரியவர். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஓடணும்னா ஆத்தங்கரை இருக்கு, பள்ளிக்கூட மைதானம் இருக்கு. என் வாசல்தான் கிடைச்சுதா?"

"உங்க வாசல் இல்ல பெரியவரே, அது ரோடு. பூந்தொட்டி வச்சா பட்டாவா ஆயிடும்?"

"நான் இருக்கிற வரைக்கும் நடக்காது. போனப்புறம் ஓடிக்கோ."

"அப்ப சீக்கிரம் போங்க."

பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பெரியவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெய்ஜுன் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்பதாக இருந்தாள். மறுநாள் அவர் இன்னொரு தொட்டி வாங்கி வைத்திருந்தார், ஐந்தாவது தொட்டி. அதைப் பார்த்ததும் அவளுக்கு மன்னிப்புக் கேட்கும் எண்ணமே போய்விட்டது.

4

தேதி குறித்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தத் தப்பை எங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

இந்த வருடம் காவல் நிலையம் கொஞ்சம் இறங்கிவந்தது. தேதியைச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நாற்பத்து மூன்று முத்திரையோடு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை சந்து உங்களுடையது என்றார்கள். வட்டத் தலைவர் காவ் பஞ்சாங்கத்தை எடுத்தார். இரண்டு வருடம் நாள் பார்க்காமல் வைத்ததால்தான் தடங்கல் என்பது அவர் கட்சி. விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நின்றார். பயணத்துக்கு உகந்தது என்று போட்டிருந்தது.

"ஓட்டமும் பயணம்தானே? இதைவிட நல்ல நாள் இந்த மாசத்துல இல்லம்மா," என்று பஞ்சாங்கத்தை மூடினார்.

அந்த நாளுக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. கல்யாணத்துக்கு உகந்தது, கடை திறக்க உகந்தது, வீடு மாற உகந்தது, அடக்கத்துக்கு உகந்தது. நல்ல நாள் என்றால் எல்லாருக்கும்தானே நல்ல நாள். இருநூற்றுப் பத்துச் சிவப்பு பனியன் அச்சாகி வரும்வரை இருவருக்கும் அது தோன்றவில்லை.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை, ஜுவாங் பெரியவர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நாலரைக்குக் கடை திறக்க வந்த பெய்ஜுன், ஷட்டரில் விரலகலச் சிவப்புத் தாள் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டார், அக்கம்பக்கத்தை எதுவும் அண்டக் கூடாதென்று வாசலுக்கு வாசல் ஒட்டிப்போகும் தாள். அவள் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். அந்த வீட்டு மனிதரைச் சீக்கிரம் போகச் சொன்னவள் கதவிலும். அவள் வெகுநேரம் ஷட்டரைத் தூக்காமல் நின்றாள். அன்று சோயாப் பால் அடிபிடித்துவிட்டது, சந்தே குறை சொன்னது.

பத்தொன்பதாம் எண் வாசலில் நீலமும் வெள்ளையுமாகப் பந்தல் போட்டார்கள். தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பாதி ரோட்டைப் பந்தல் அடைத்துக்கொண்டது. மீதியில் இருவர் ஒட்டி நடக்கலாம். பூசாரி பஞ்சாங்கம் பார்த்து அடக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

6

[ஐந்தாம் பகுதியைப் பெய்ஜுன் கிழித்துவிட்டாள். அவள் மறைந்த கணவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "இதுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.]

"பந்தலுக்குப் போகப்போறேன்," என்றாள் அவள் புதன்கிழமை.

காவ் எழுந்தே விட்டார். "சிவப்புக் காரியத்தை, நல்ல காரியத்தை, கையில வச்சுக்கிட்டு வெள்ளைக் காரியத்துக்கு, சாவு வீட்டுக்கு, யாராவது போவாங்களா? அப்புறம் ஓட்டத்துக்குக் கோயில்காரங்க மேஜை நாற்காலி தரமாட்டாங்கம்மா."

"போகலன்னா முத்திரை யாரு தருவா? நீங்க போறீங்களா?"

"நானா? எனக்கு ரத்தக் கொதிப்பு."

சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். ஊதுபத்தி ஏற்றினாள். படத்தில் பெரியவர் தொப்பியோடு முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ருய்யின் மடக்கு மேஜையில் மஞ்சள் தாளைத் தாமரையாக மடித்துக்கொண்டிருந்தாள், அப்பாவோடு எரித்து அனுப்புவதற்கு. பெய்ஜுன் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். நாற்பது தாமரை ஆயிற்று.

"நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னவ," என்றாள் பெய்ஜுன் கடைசியில். "கோயில் முற்றத்துல."

"தெரியும். அன்னைக்கே போன் போட்டு அரை மணி நேரம் உங்களைத் திட்டினார்." ருய்யின் மடிப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு வருஷமா வாராவாரம் உங்க புராணம்தான். உங்களைத் திட்டறப்பதான் கூட ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பார். அந்த அஞ்சாவது தொட்டி நான் வாங்கிக் கொடுத்தது."

பெய்ஜுனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கான சம்மதத் தாளை மேஜைமேல் வைத்தாள். நாற்பத்திரண்டு முத்திரையும் ஒரு வெற்றுக் கட்டமும் இருந்தன.

ருய்யின் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "அப்பா முத்திரை உள்ள டிராயர்ல இருக்கு. அதை எடுத்துக் குத்தமாட்டேன். வேணாம்னா வேணாம்தான் அவருக்கு. ஆனா வீடு இப்ப என் பேர்ல. என்னோடதைப் போடறேன்."

"அக்கா—"

"இருங்க. ஏழு பத்துக்குப் பெட்டி கிளம்பணும். ஏழு மணிக்குப் பெட்டி தூக்கற எட்டு பேரும் தடியில கை வச்சிடுவாங்க. அதுக்கப்புறம் உங்காளுங்க ஒருத்தர்கூடப் பந்தலைத் தாண்டக் கூடாது. அப்பா இந்தச் சந்துல கடைசியா போறார். அவரை முந்திக்கிட்டு யாரும் ஓடறதை நான் பார்க்கமாட்டேன்."

"ஒருத்தர்கூட வரமாட்டாங்க. வாக்கு." அப்புறம் தயங்கினாள். "பனியன் சிவப்பு. எல்லாருமே சிவப்பு."

"சிவப்புதானே? உங்க கதவுல நாங்களே ஒட்டிட்டுத்தானே வந்தோம். நடந்து போங்க, விசில் அடிக்காதீங்க. போதும்."

திரும்பி வந்தபோது கடை வாசலில் காவ் ஒரு வாளி பம்பளிமாஸ் இலைத் தண்ணீரோடு காத்திருந்தார், தீட்டுக் கழிக்க. பெய்ஜுன் இரண்டு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். மீதியைப் பனியன் மூட்டைமேல் கவிழ்த்தாள். "இப்ப எல்லாம் சுத்தம். மேஜைக்குச் சொல்லுங்க."

7

இப்போது முடிவு. மூன்று எழுதினேன். மூன்றையும் அவள் இங்கேயே, என் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். என் எழுத்தை இந்தச் சந்தில் ஒருவர் படிப்பது இதுவே முதல் முறை.

(அ) ஞாயிறு காலை. ருய்யின் அப்பாவின் டிராயரைத் திறக்கிறாள். உள்ளே ஒரு தாள். அதில் பெரியவரின் முத்திரை எப்போதோ குத்தப்பட்டு—

"பொய்," என்றாள் பெய்ஜுன். "அவர் போடல. போட்டிருந்தா அது அவரே இல்ல. அந்த மனுஷனைச் செத்தப்புறம் நல்லவராக்காதீங்க. அவர் பாட்டுக்கு இருக்கட்டும்."

(ஆ) கடைசி ஆள் பந்தலை அடையும்போது ஏழு அடித்துவிடுகிறது. பெட்டி கிளம்புகிறது. அவர் ஓடாமல், தலைகுனிந்து, ஊர்வலத்தின் பின்னாலேயே நடந்து சந்து முனைக்கு வருகிறார். அங்கே முடிவுக் கோடு அழியாமல்—

இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. சொல்லப்போனால் இதற்காகத்தான் கதையையே எழுதினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ருய்யின்கிட்ட கேட்டீங்களா?"

"என்ன கேட்கணும்?"

"அவங்க அப்பா ஊர்வலத்துல உங்க கதைக்காக ஒரு ஆளை நுழைக்கிறீங்களே, அதைத்தான்."

(இ) எல்லோரும் ஆறு ஐம்பதுக்குள் பந்தலைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு சிக்கலும் இல்லை.

"இது. இதுதான் வேணும்," என்று தாளைத் தட்டினாள். "இதை ஏன் ஒரே வரியில விட்டீங்க?"

ஏனென்றால் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. இருநூற்றுப் பத்தாவது பனியன் என்னுடையது. பெயரைக் கொடுத்தது அவள்தான். மாடியில் உட்கார்ந்துகொண்டு ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களைத் தனக்குப் பிடிக்காது என்றாள். போன ஞாயிறு ஒத்திகை. ஐந்து கிலோமீட்டர் பாதையில் பந்தல் இருப்பது கடைசி முந்நூறு மீட்டருக்கு முன்னால். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அதுவரை வர எனக்கு ஒரு மணி மூன்று நிமிடம் ஆயிற்று. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆக, இந்தக் கதையின் கடைசி ஆள் நான்தான். என் ஓட்டத்துக்கு நானே முடிவு எழுதினால் அது நியாயமாக இருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"நான் விலகிக்கறேன் பெய்ஜுன். உன் வாக்கும் நிக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பஸ்ஸுல ஏத்தினவங்ககூடக் கீழ இறங்கி வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லித்தான் ஏத்தினாங்க. நீங்களா ஏறி உட்கார்ந்துக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப ஏழு அடிச்சு நான் பந்தல் முனைக்கு வந்தா என்ன பண்றது? ருய்யினுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கே. கடைசி ஆள் வர்ற வரைக்கும்னு எல்லாருக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கே."

"ரெண்டையும் காப்பாத்தத்தான் ஓடறோம்."

"முடியலன்னா?"

"நான் கடைசி ஆளோட பின்னால வருவேன். முனையில ஏழு மணிக்குக் குறுக்கே பிடிக்கற கயிறு என் கையில இருக்காது. யார் கையில இருக்கோ அவங்க முடிவு பண்ணட்டும். நான் அதுக்குக் கட்டுப்படுவேன்." எழுந்துகொண்டாள். "மூணு நிமிஷம்தானே? எழுதறதை நிறுத்திட்டுக் காலை நீட்டிப் படுங்க, அதுலயே ஒரு நிமிஷம் குறையும். துண்டறிக்கையை எழுதிட்டுப் படுங்க."

8

இதோ துண்டறிக்கை.

சந்து ஓட்டம். நாளை ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பெய்ஜுன் கடை வாசலில் தொடக்கம். முடிவும் அங்கேதான். ஐந்து கிலோமீட்டர். கடைசி ஆள் வரும்வரை கோடு அழிக்கப்படாது. பத்தொன்பதாம் எண் பந்தலருகே எல்லோரும் நடக்க வேண்டும், விசில் கூடாது, பெரியவருக்கு ஒருமுறை தலைகுனிய வேண்டும். ஏழு மணிக்குமேல் பந்தலைத் தாண்ட அனுமதி இல்லை.

முனைகளில் நிற்பவர்கள்: கோயில் முனையில் காவ். சந்தை முனையில் அவர் மனைவி. இருபத்தாறாம் எண் வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு அதன் சொந்தக்காரர்.

பத்தொன்பதாம் எண் முனை: ________

இந்த இடத்துக்கு மட்டும் எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. சந்தில் கேட்டுப் பார்த்துவிட்டோம். ஒருவர் பெரியவரோடு சீட்டாடியவர், இன்னொருவர் பெய்ஜுனிடம் தினமும் சாப்பிடுகிறவர். நாற்பத்து மூன்று வீட்டிலும் ஏதாவது ஒரு பக்கம் சாயாதவர் இல்லை. நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அதனால் இருவருக்குமே வேண்டியவர் ஆகிவிட்டீர்கள். கோடிட்ட இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். கேட்காமல் போட்டதற்கு மன்னிக்க வேண்டும், இந்தச் சந்தின் வழக்கம் அது.

வேலை கடினமானது இல்லை. ஏழு மணிக்குக் கயிற்றைக் குறுக்கே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் பந்தலில் எட்டுப் பேர் தடியில் கை வைத்திருப்பார்கள். ருய்யின் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னால், சந்து திரும்பும் இடத்தில், இரண்டு சிவப்புப் பனியன் தெரியும். நொண்டிக்கொண்டு வருவது நான், எனக்கு ஓரடி பின்னால் வருவது அவள். நான் என்னால் முடிந்த வேகத்தில்தான் வருவேன். நின்றுவிட மாட்டேன், நீங்கள் தடுத்தால் ஒழிய. அவளும் உங்களைப் பார்த்துக் கைகாட்ட மாட்டாள், கெஞ்ச மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். சோயாப் பால் குடித்துவிட்டுப் போகலாம். கயிறு கடை ஷட்டர் ஓரத்துக் கொக்கியில், அந்தச் சிவப்புத் தாளுக்குக் கீழே தொங்கும்.